புயலுக்குள் ஒரு விறகு வேட்டை

உட்கார இருந்த கடைசிக் கதிரையின் கடைசிக் காலும் எரிந்து முடிந்தது!

நளாயினி இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சாம்பலுக்கு நடுவில் கொஞ்சம் தணல் மட்டும் மினுங்கியது. யன்னல் கண்ணாடிக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பனி படிந்திருந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையின் மேல் மெல்லிய ஆடை. பாலாடை என்று நினைத்துவிடாதீர்கள், பனிக்கட்டி! வீட்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால் வெளியே எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, குஞ்சு என்ன செய்யிறாள்?"

"அழுறாள்." மூலையில் மெத்தைகளையும் போர்வைகளையும் குவித்து, அதற்குள் புதைந்திருந்தாள் அக்கா மங்கை. தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரண்டு மாதக் குழந்தை அவளுடைய சுவெட்டருக்குள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. "அழட்டும் நளா. அழுற வரைக்கும் எனக்குத் தைரியம். அழுகையை நிப்பாட்டினால்தான் பயம்."

நளாயினி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து யன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

இவர்கள் யார், இந்தக் குளிருக்குள் ஏன் வந்து மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். தணல் அணைவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

நோர்வே நாட்டின் வட கோடியில், கைத்தொலைபேசி வராத காலத்தில், ஹெஸ்ட்நெஸ் என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஒரு மீன் பக்டரி, ஒரு கடை, ஒரு தேவாலயம், அவ்வளவுதான் ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் பலர் அந்த பக்டரியில் மீன் வெட்டினார்கள். சுன்னாகத்துப் பரராசசிங்கமும் அவர்களில் ஒருவர். பரா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் ஊருக்குள் வாடகைக்கு இருக்க, இவர் மட்டும் "சொந்த வீடு, சொந்த வளவு" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி தனியாக நின்ற பழைய மரவீடொன்றை இலையுதிர் காலத்தில் வாங்கினார். மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது தை மாதம்தான் தெரிந்தது!

மங்கை பராவின் மனைவி. நளாயினி மங்கையின் தங்கை, பத்தொன்பது வயது, துடியாட்டக்காரி. மேல் அறையில் குடியிருந்த மரியதாஸ் பாசையூரில் கடலோடியாக இருந்தவர், பராவோடு வேலை செய்பவர். கடலென்றால் புலி, பனியென்றால் பூனை.

எல்லா வில்லங்கமும் பொங்கலன்று தொடங்கியது. அந்த ஊரில் பொங்கலன்று சூரியனே கிடையாது. கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போனால் தை கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். நடுவில் மத்தியானங்களில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும், போகும். "சூரியன் இல்லாட்டி என்ன, முத்தம் இருக்குதுதானே!" என்றார் பரா. முற்றம் தெளிக்காமல் பொங்குவதா? பனியை வாரி ஒதுக்கினார். மஞ்சள் கலந்த சுடுதண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். வளவில் சமதரையாக இருந்த ஒரே இடம் விறகறைக் கதவுக்கு முன்னால்தான். கோலமாவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. விறகறைக் கதவின் கீழ்ப்பாதி மஞ்சள் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது! இழுத்தார்கள், உதைத்தார்கள். இளக்கிவிடலாம் என்று பரா இன்னும் இரண்டு வாளி சுடுதண்ணீர் ஊற்றினார். அதுவும் உறைந்து பூட்டுக்கு மேல் பூட்டாயிற்று. உடைக்கலாமென்றால் கோடரி வேண்டும். கோடரி எங்கே? விறகறைக்குள்!

"கோடைக்குத் தானா இளகும்" என்று சிரித்துவிட்டுப் பொங்கலைச் சாப்பிட்டார்கள். வீட்டில்தான் மின்சார ஹீட்டர் இருக்கிறதே!

இரண்டு நாள் கழித்துப் புயல் வந்தது. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் செத்தது. விறகறைக் கூரையிலிருந்து சரிந்த பனி, கதவு இருந்த இடமே தெரியாமல் மூடிவிட்டது. வீட்டுக்குள் பெட்டியில் கிடந்த விறகு இரவோடு தீர்ந்தது. விடிந்ததென்று கடிகாரம் சொன்னதும் பரா எழுந்து சப்பாத்தை மாட்டினார். காற்று அப்போது சற்று அடங்கியிருந்தது. "ஊருக்குப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று கடற்கரைப் பாதையில் இறங்கினார். அவர் போன கையோடு காற்று மறுபடியும் வெறிபிடித்து எழுந்தது. அவர் எப்படியும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார், யார் வீட்டிலாவது சுடச்சுடக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார் என்று வீட்டிலிருந்த மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லியே கதிரைகளையும் எரித்து முடித்தார்கள்.

சரி, அடுப்படிக்குத் திரும்புவோம்.

"தாஸ் அண்ணை, கீழை வள்ளக் கொட்டிலிலை விறகு இருக்குது!" நளாயினி சட்டென்று நின்றாள். "பெரிப் பழம் ஆயப் போகேக்கை பார்த்தனான். வீட்டை வித்த மனுசன் அடுக்கி வைச்ச பேர்ச் மர விறகு. முகடு வரைக்கும் இருக்குது!"

வள்ளக் கொட்டில் என்பது படகு வைக்கும் மரக் கொட்டகை. வீட்டோடு சேர்ந்து வந்த சொத்துத்தான். சரிவில் இறங்கினால் கடலோரத்தில் நிற்கும், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

"பிள்ளை, உந்தப் புயலுக்கை கூப்பிடு தூரம் எண்டு ஒண்டுமில்லை" என்றார் மரியதாஸ். "கையை நீட்டினால் விரல் தெரியேல்லை. பத்தடி போனால் வீடு எந்தப் பக்கமெண்டு தெரியாது. கடலிலையெண்டால் வானத்து வெள்ளியைப் பார்த்தாவது கரைக்கு வருவன்."

"அப்ப கயிறு கட்டிக்கொண்டு போவம்."

"கயிறு எங்கை கிடக்கு?"

நளாயினி தலையில் அடித்துக்கொண்டாள். "...விறகறைக்குள்ளை."

போர்வைக் குவியலுக்குள்ளிருந்து மங்கையின் குரல் வந்தது. "சீலைப் பெட்டியைத் திற!"

திறந்தார்கள். பருத்திச் சீலைகள், நைலெக்ஸ் சீலைகள், அடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய சிவப்புக் கலியாணக் கூறைச் சீலை. நளாயினியின் கை அந்தத் துணியில் பட்டதும் நின்றது.

"ஏன் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? அதையும் எடு!"

"அக்கா, உங்கடை கூறை..."

"கட்டின நாளிலை கட்டியாச்சு. இனிப் பெட்டிக்கை கிடந்து என்ன செய்யப் போகுது? எடடி! வெளிச்சம் போறதுக்கிடையிலை போயிட்டு வாங்கோ!"

மரியதாஸ் சம்மணம் கட்டி உட்கார்ந்து முடிச்சுப் போடத் தொடங்கினார். சீலையைக் கண்டதும் அவருடைய பயம் எங்கேயோ போய்விட்டது. கைக்கு வந்தது கயிறுதானே! ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி, குவளைத் தண்ணீரில் நனைத்து, யன்னல் இடுக்கில் ஒரு கணம் நீட்டினார். முடிச்சு கல்லாகிவிட்டது. "கதவைப் பூட்டின தண்ணி முடிச்சையும் பூட்டட்டும்" என்றார். நளாயினிக்குப் பொறுமை இல்லை. பச்சை நைலெக்ஸையும் கூறையையும் அவளே சேர்த்து முடிந்து குவியலில் எறிந்தாள். தண்ணீரில் நனைக்க மறந்து போனாள்.

விறகு இழுத்து வரச் சறுக்குவண்டி வேண்டுமே? குஞ்சு குளிக்கும் ரோசா நிறப் பிளாஸ்டிக் தொட்டி சுவரில் மாட்டியிருந்தது. "இது சறுக்கும்!" என்று அதை இறக்கினாள். மரியதாஸ் கடைசித் தணலில் தண்ணீர் கொதிக்கவைத்து, சீனியை அள்ளிப் போட்டு, பிளேன்ரீயை ஃபிளாஸ்கில் ஊற்றினார்.

"அக்கா, பொங்கல் பானையைப் பக்கத்திலை வைச்சிருங்கோ. யன்னலடியிலை இருந்து அகப்பையாலை தட்டுங்கோ. விடாமல் தட்டுங்கோ!"

"கவனமடி" என்றாள் மங்கை. 

கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது! பனி வானத்திலிருந்து விழவில்லை. தரையிலிருந்து மேலே, பக்கத்திலிருந்து பக்கத்துக்கு, எல்லாத் திசையிலும் பறந்தது. சீலைக் கயிற்றின் ஒரு நுனி வாசற்படியின் கைப்பிடியில். இடுப்பில் கட்டிய மறு நுனியோடு மரியதாஸ் முன்னால் நடந்தார். அவருடைய பெல்டைப் பிடித்தபடி, தொட்டியை இழுத்துக்கொண்டு நளாயினி பின்னால் போனாள். மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. இமைகள் ஒன்றோடொன்று ஒட்டின. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் ஊசி இறங்கியது.

"குனி! குனிஞ்சு நட!" மரியதாஸ் கத்தினார்.

இடுப்பளவு பனிக்குள் விழுந்தார்கள், எழுந்தார்கள். சரிவு எப்போது தொடங்கியதென்று தெரியவில்லை. திடீரென்று கால் வழுக்கியது, இருவரும் உருண்டார்கள், தொட்டி அவர்களை முந்திக்கொண்டு ஓடியது! நல்லவேளை, அதன் கயிறு நளாயினியின் மணிக்கட்டில் இருந்தது. எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார்கள். வீட்டைக் காணவில்லை! ஒரு வெள்ளைச் சீலை மட்டும் காற்றில் விறைத்து நின்றது. அதுவும் கொஞ்ச தூரத்துக்குத்தான், பிறகு எல்லாம் சாம்பல் நிறம்.

மரியதாஸ் நின்றார். இடுப்பில் கட்டிய சீலை இறுகிவிட்டது.

"கயிறு முடிஞ்சு போச்சு, பிள்ளை!"

"கொட்டில் எங்கை?"

"தெரியேல்லை! கிட்டத்தான் இருக்க வேணும். கடலின்ரை சத்தம் கேக்குது!"

"அவிட்டுப்போட்டு ஓடிப் பார்ப்பமே?"

"விசரே உனக்கு? கயித்தை விட்டால் ரெண்டு பேரின்ரை கதையும் சரி!" அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு குளிருக்காகக் காற்சட்டைக்கு மேல் உடுத்தியிருந்த சாரத்தை அவிழ்த்தார். கழுத்துச் சால்வையையும் உருவினார். இரண்டையும் முடிந்து கயிற்றில் சேர்த்தார். "மாதாவே, பாசையூரிலை ஆருக்கும் இதைச் சொல்லிப்போடாதை!"

அந்தச் சாரமும் சால்வையும்தான் காப்பாற்றின. இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் நளாயினியின் நெற்றி மரப்பலகையில் மோதியது. "கொட்டில்! தாஸ் அண்ணை, கொட்டில்!"

கதவு பாதி திறந்து கிடந்தது. கயிற்று நுனியைக் கதவின் இரும்பு வளையத்தில் கட்டிவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். ஆகா! சுவரோடு சுவராக, வெள்ளைத் தோலோடு, முகடு வரைக்கும் காய்ந்த பேர்ச் விறகு! பொற்காசுக் குவியலைக் கண்டால்கூட நளாயினிக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது.

"பொறு!" மரியதாஸ் அவள் தோளைப் பிடித்தார். "அங்கை பார்."

கவிழ்த்து வைத்த வள்ளத்துக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில் ஓர் உருவம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தது.

"ஆரது?"

உருவம் மெல்லத் தலையை நிமிர்த்தியது. புருவத்தில் பனி, மீசையில் பனி. கண்கள் பாதி மூடியிருந்தன.

"அத்தான்!"

ஆம், பராதான்! ஊரில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார் என்று இவர்கள் நம்பிக்கொண்டிருந்த அதே பரா!

"நளா...? நீ எப்பிடி... இவ்வளவு தூரம் வந்தனீ?" நாக்குக் குழறியது. "மங்கை... குஞ்சு...?"

மரியதாஸ் ஓடிப்போய் அவரை நிமிர்த்தி, ஃபிளாஸ்கைத் திறந்து தேநீரை அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நளாயினி அடுக்கிலிருந்து இரண்டு கட்டையை உருவினாள்.

"வேண்டாம்!" பராவின் கை நீண்டது. "தொடாதை! ஆரின்ரையோ விறகு. எடுத்தால்... கள்ளர் எண்டு சொல்லுவாங்கள்."

"என்ன?"

"முனைக்கு அங்காலை இருக்கிற வெள்ளைக்காரன்ரை கொட்டில்... வழி தெரியாமல் வந்து ஏறியிட்டன். காத்து நிண்டதும் போயிடுவன்..."

நளாயினி கட்டையோடு சிலையாக நின்றாள். அவருடைய மடியில் விரித்திருந்த கையில் ஒரு லைட்டர். பக்கத்தில் மலைபோல் விறகு. காலடியில் ஒரு பழைய இரும்பு வாளி. இந்த மனுசர் ஒரு குச்சியைக்கூடக் கொளுத்தாமல் இருந்து விறைத்துப் போயிருக்கிறார்!

வந்த புதிதில், பக்டரி ஆணியில் தொங்கிய கையுறையைத் தன்னுடையது என்று எண்ணி பரா மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்காக ஒருவன் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த நாட்டில் அடுத்தவன் வளவில் விழுந்து கிடக்கும் ஒரு கல்லைக்கூடப் பரா தொடமாட்டார். வீடு வாங்கிய நாள் முதல் இரட்டை வேலை என்று ஓடிக்கொண்டிருந்ததால் கொட்டில் பக்கம் இறங்கி வரவும் இல்லை. மேலே நின்று கூரையைப் பார்த்ததோடு சரி. புயல் அவரைப் பாதையிலிருந்து விலக்கி, சுற்றிச் சுழற்றி, கடல் பக்கமாகக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறது. வெகுதூரம் நடந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தான்!" நளாயினி அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "இது உங்கடை கொட்டில்! உங்கடை விறகு! வீடு மேலைதான் இருக்குது!"

"என்ரையோ...?"

"ஓம், உங்கடை! காசு குடுத்து வாங்கினது!"

பரா விறகைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்திலேயே உறைந்தது. நளாயினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மனுசரை உலுக்கிப் பேச வேண்டும் போலவும், கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. எதற்கும் நேரமில்லை.

மரியதாஸ் பேர்ச் தோலை உரித்து வாளிக்குள் போட்டு லைட்டரைத் தட்டினார். தோல் சடசடவென்று பிடித்தது. "பிள்ளை, இவரை இப்ப நடத்த ஏலாது. கை கால் கொஞ்சமாவது இளக வேணும்" என்றார்.

"குஞ்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேலே அடுப்பில் தணல் இருக்கிறதோ இல்லையோ!

"நீங்கள் அத்தானோடை நில்லுங்கோ. நான் விறகைக் குடுத்திட்டு ஓடி வாறன்."

"தனியவா?"

"கயிறு இருக்குதுதானே!"

தொட்டி நிறைய விறகு. மேலே ஒரு சாக்கு. பரா குடித்தது போக மிச்சத் தேநீரோடு ஃபிளாஸ்கையும் மரியதாஸ் அவளிடம் கொடுத்துவிட்டார். கதவைத் தாண்டியதும் காற்று அவளைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொட்டியை இழுத்துக்கொண்டு ஏறினாள். ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. சாரம் முடிந்தது. பருத்திச் சீலை முடிந்தது. நைலெக்ஸ் வந்தது. பச்சை நைலெக்ஸ்!

கை வெறுமையாகியது.

பச்சைச் சீலையின் நுனி அவள் கையில் படபடத்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை! முடிச்சு கழன்றுவிட்டது. அவளுடைய முடிச்சு!

 ஓடலாமா? வீடு நேரே மேலேதானே? நேரே என்பது எந்தப் பக்கம்? நீல வெளிச்சமும் மங்கத் தொடங்கிவிட்டது. திரும்பிப் போகலாமா? குஞ்சு அழுகிறாளா, நிறுத்திவிட்டாளா? கால்கள் ஓடு ஓடு என்றன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை நிறுத்தினாள். நுனியை மட்டும் விடக்கூடாது!

மூச்சைப் பிடித்துக் காதைக் கொடுத்தாள். காற்று. காற்று. பிறகு, எங்கிருந்தோ, டங்! காற்று அதை விழுங்கியது. மறுபடியும் டங்! டங்!

பானை! மங்கை அக்காவின் பானை!

அவள் நினைத்திருந்த திசையல்ல, இடப்பக்கம்! நுனியைப் பிடித்தபடி, சத்தத்தைப் பார்த்து, செக்கைச் சுற்றும் மாடுபோல வளைந்து நகர்ந்தாள். காலால் பனியைக் கிளறினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்! சப்பாத்தில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பனியை வாரினாள். சிவப்பு! சரிகை விறைத்து முறுகிக் கிடந்த கூறைச் சீலை!

கையுறையைப் பல்லால் கழற்றி எறிந்தாள். விரல்கள் எரிந்தன, பிறகு எரிவதும் நின்றது. இரண்டு நுனியையும் சேர்த்து, சுற்றி, இழுத்து, மறுபடியும் சுற்றி இழுத்தாள். இந்தத் தடவை ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை அதன்மேல் ஊற்றவும் மறக்கவில்லை. முடிச்சு உறையும் வரை நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

வாசற்படியில் அவள் விழுந்தபோது பானைச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் அழுகை இல்லை!

"அக்கா!"

மங்கை ஒரு கையால் பானையில் அடித்துக்கொண்டிருந்தாள். மறு கை சுவெட்டருக்குள். முகம் வெளிறியிருந்தது. "இப்பதான் நிப்பாட்டினவள். நித்திரையோ என்னவோ... எழுப்பினாலும் கண் திறக்கிறாள் இல்லை. நளா, கெதியா!"

நளாயினியின் விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கைகளால் கட்டைகளை அணைத்துத் தூக்கி அடுப்புக்குள் போட்டாள். பேர்ச் தோலைப் பல்லால் உரித்துத் தணலில் வைத்து ஊதினாள். புகைந்தது. ஊதினாள். புகைந்தது. "பிடி! பிடியன்!" என்று அடுப்பைப் பார்த்துக் கத்தினாள். தோலின் ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு. அது மஞ்சளானது. பிறகு குப்பென்று பற்றிக்கொண்டது!

காய்ந்த விறகு படபடவென்று வெடித்து எரிந்தது. மங்கை குழந்தையோடு அடுப்புக்கு முன்னால் வந்து அமர்ந்தாள். நளாயினி போர்வையைச் சுற்றிப் பிடித்தாள்.  குழந்தையின் உள்ளங்காலை மங்கை தேய்த்துக்கொண்டே இருந்தாள். சூடு மெல்ல மெல்ல அறைக்குள் வந்தது. யன்னலில் படிந்த பனி ஒழுகத் தொடங்கியது.

குஞ்சு முகத்தைச் சுளித்தாள். வாயைக் கோணினாள். பிறகு வீடே அதிரும்படி வீரிட்டு அழுதாள்!

அப்படியோர் இனிமையான அழுகையை அந்த இரண்டு பெண்களும் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மங்கை பால் கொடுத்தபடி தானும் விசும்பி விசும்பி அழுதாள்.

"தாஸ் எங்கை?"

"கீழை. அத்தானோடை."

"எந்த அத்தானோடை?"

நளாயினி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மங்கை கேட்டாள், கண்ணை மூடினாள், திறந்தாள். "வரட்டும் அந்த மனுசன்! உயிரோடை வரட்டும், பேந்து நான் கதைக்கிறன்!" பிறகு தங்கையைப் பிடித்துப் போர்வைக்குள் இழுத்தாள். "முதல்லை உன்ரை கையைக் காட்டு."

விரல்களில் உணர்வு திரும்பியதும் நளாயினி மறுபடியும் இறங்கினாள். கயிறு இந்தத் தடவை அசையவில்லை. பராவை நடுவில் விட்டு, முன்னால் மரியதாஸ், பின்னால் விறகுத் தொட்டியோடு நளாயினி. மூன்று பேரும் ஏறி வந்து சேர்ந்தபோது கடைசி வெளிச்சமும் போயிருந்தது. பரா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். மங்கை பேச வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோய், அவருடைய தலையில் படிந்திருந்த பனியைத் துவாயால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காற்று ஓய்ந்தது. பனி தள்ளும் வண்டியோடு முதல் ஆளாக வந்தவன் எய்னார். பராவின் வயதுக்காரன், வாயாடி. சம்பவத்தைக் கேட்டுச் சிரிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அது வேறு யாருடைய கொட்டிலாகவே இருந்திருக்கட்டும்" என்று அவன் தன் மொழியில் சொன்னான். "புயலில் வந்தவன் கதவை உடைத்தாவது நெருப்பு மூட்ட வேண்டும். இங்கே அதற்குத்தான் விறகை அடுக்கி, பூட்டுப் போடாமல் வைக்கிறோம். நீ எரிக்காமல் செத்திருந்தால் அந்த விறகுக்காரன் வாழ்நாள் முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டான், பரா."

"அந்த விறகுக்காரனே நான்தானாம்" என்றார் பரா. அப்போதுதான் எய்னார் சிரித்தான். பராவும் சிரித்தார். 

அடுத்த இலையுதிர் காலத்தில் பரா இரட்டை வேலையைக் குறைத்துக்கொண்டு விறகு வெட்டினார். வெட்டியதில் நல்லதாகப் பார்த்துக் கொட்டிலில் அடுக்கினார். நடுவில் சின்னதாக ஓர் இரும்பு அடுப்பு, தகரப் பெட்டிக்குள் நெருப்புப் பெட்டி, சீனிப் போத்தல், தேயிலை. கதவில் ஒரு பலகை மாட்டி, நோர்வீஜிய மொழியிலும் கீழே தமிழிலும் எழுதினார்: "ஆர் வந்தாலும் எரியுங்கோ." தமிழ் தெரிந்த எவன் அந்தக் கடற்கரையில் வழிதவறப் போகிறான் என்று மரியதாஸ் கேட்டார். "நான் தவறேல்லையோ?" என்றார் பரா.

பனியோடு மாரி வந்தது. ஒரு பெரிய புயலும் வந்து போனது. மறுநாள் காலை பரா கொட்டிலைப் பார்த்துவர இறங்கினார். கொஞ்ச நேரத்தில் சரிவில் விழுந்தெழும்பி ஓடி வந்தார். தொப்பியைக் காணோம், மூச்சு வாங்கியது.

"மங்கை! நளா! தாஸ்! எல்லாரும் வாங்கோ!"

என்னவோ ஏதோ என்று பதறியடித்து ஓடி வந்தார்கள்.

"எங்கடை விறகை ஆரோ எரிச்சிருக்கிறாங்கள்!" பரா குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினார். "ஒரு வரிசையையே காணேல்லை! அடுப்பு இன்னும் சுடுகுது! சீனியையும் முடிச்சுப்போட்டாங்கள்!"

களவு போனதற்காக ஒருவர் இப்படிச் சந்தோசப்பட்டதை அந்த ஊர் கண்டிராது. வந்தது யார், எங்கே போனார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். மங்கை அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். குடித்துவிட்டு, பின்னேரத்துக்குள் அந்த வரிசையை மறுபடியும் அடுக்கிவிட வேண்டுமென்று பரா கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.